படம் எடுக்கப் பணம் சரி; விற்பதற்கு?

'கூழாங்கல்' படத்தை நான் கைபேசியில்தான் பார்த்தேன். மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் எடுத்த படம். 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. மக்களிடம் வந்தது 2023 அக்டோபரில், சோனி லிவ் ஓடிடியில். நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரித்த படத்துக்கே இந்த நிலை என்றால், சேரியிலிருந்து கேமராவோடு கிளம்பும் ஒருவருக்கு?

கேரள அரசு பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்குப் படமொன்றுக்கு 1.5 கோடி ரூபாய் வரை தருகிறது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரம் திரைப்பட மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன், அந்தத் தொகை அதிகம், அவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றார். பாடகி புஷ்பவதி அங்கேயே எழுந்து எதிர்த்தார். பரம்பரையாக முதலீடு கிடைத்தவர்களிடம் இங்கே யார் பயிற்சிச் சான்றிதழ் கேட்டார்கள்?

என் கவலை அதற்கு அடுத்த கட்டம். எடுத்த படத்துக்கு போஸ்டர், விளம்பரம், தியேட்டர், விநியோகஸ்தர் வேண்டும். அந்தத் தொடர்புகள் பெரும்பாலும் சொந்தம், சாதி வழியாகவே நீள்கின்றன. கேரளம் அரசுத் தியேட்டர்கள் நடத்துகிறது. 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்ற அரசு ஓடிடியையும் தொடங்கியது. பார்ப்பவர் கட்டுவதில் பாதி தயாரிப்பாளருக்கு. தமிழ்நாட்டிலோ சிறு முதலீட்டுத் தரமான படங்களுக்கு 7 லட்சம் மானியம் தருவதோடு சரி.

தோழர்களே, நாம் கேட்க வேண்டியது இதுதான்: விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் தனி நிதி, அதில் தலித், பழங்குடி, பெண் இயக்குநர்களுக்கு உறுதியான பங்கு, மதுரையிலும் உசிலம்பட்டியிலும் அந்தப் படங்களுக்கு மாலைக் காட்சி. மேலூரில் எடுத்த படத்தை மேலூர்க்காரர்கள் டிக்கெட் எடுத்துத் தியேட்டரில் பார்க்க வேண்டும்.