தேவதைகளுக்கு உறக்கம் வேண்டாமா?

ஆண்டுதோறும் மே மாதம் 12 ஆம் நாள் வந்துவிட்டால், நம் வைத்தியசாலைகளில் விளக்கேற்றி விழா எடுக்கின்றார்கள். மேடையேறுவோர் தாதியரை வெண்ணிற ஆடைத் தேவதைகள் என்பர். நடமாடும் தெய்வங்கள் என்பர். தியாகச் சுடர்கள் என்பர். புகழ்ந்தவர் வீடு திரும்புவார். புகழப்பட்டவள் இரவுக் கடமைக்குத் திரும்புவாள். இப்புகழுரைகளை நாம் ஐயத்தோடுதான் நோக்குகின்றோம். மனிதப் பிறவிக்குப் பசி உண்டு, களைப்பு உண்டு, அச்சம் உண்டு, உறக்கம் வேண்டும், ஊதியமும் வேண்டும். தேவதைக்கோ இவற்றுள் ஒன்றும் வேண்டுவதில்லை. ஒருத்தியைத் தேவதையாக்கி விட்டால், அவளுக்குக் கொடுக்க வேண்டியவற்றைக் கொடாமலே இருந்துவிடலாம். புகழ்ச்சியின் உட்பொருள் இதுவாக இருக்கும்போது அதற்குக் கைதட்டுவது எவ்வாறு?

கொள்ளைநோய்க் காலங்களில் தாதியரைப் பற்றிக்கொள்ளும் மனச்சோர்வைப் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். பேசுவது நன்றே. ஆனால் அதனை ஏதோ தனியொரு பெண்ணின் மனவலிமைக் குறைவு போலவும், மூச்சுப் பயிற்சியாலும் ஊக்க உரையாலும் தீர்ந்துவிடும் சஞ்சலம் போலவும் பேசுகின்றனர். இதனை நாம் மறுக்கின்றோம். அந்தச் சோர்வு உள்ளத்தில் தோன்றுகின்றது என்பது உண்மை. ஆனால் அது உற்பத்தியாகும் இடம் கடமைப் பட்டியல். ஆள் இல்லாத வார்ட்டிலும், ஓய்வில்லாத வாரத்திலும், வீட்டுக்குச் செல்ல வழியில்லாத இரவிலும் அது உற்பத்தியாகின்றது.

சான்று வேண்டுவோர்க்குச் சான்று உண்டு. 2020 இன் தொடக்கத்தில் சீனாவின் 34 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 1,257 சுகாதாரப் பணியாளரிடம் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. அவர்களுள் சரிபாதியினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன; மூவரில் ஒருவர் உறக்கமின்மையால் வருந்தினார். தாதியரிடமும், பெண்களிடமும், நோயாளரை நேரே பராமரித்தவரிடமும் இத்துன்பம் மிகுந்திருந்தது. அதற்கு முன்னர், 2003 இல் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சார்ஸ் நோய் தாக்கியது. ஓராண்டுக்கு மேல் கழிந்த பின்னரும், அந்நோயாளரைப் பராமரித்த வைத்தியசாலைகளின் பணியாளர் ஏனையோரினும் அதிகமாகச் சோர்ந்திருந்தனர் என ஆய்வாளர் கண்டனர். சீனத்துத் தாதியும் கனடாத் தாதியும் ஒருங்கே மனவலிமை குன்றிப் பிறந்தார்களா? இல்லை. அவர்கள்மேல் சுமத்தப்பட்ட பாரம் ஒன்றாக இருந்தது.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். 2020 ஜனவரி 27 இல் இலங்கையில் முதற் கொவிட் நோயாளி இனங்காணப்பட்டார். மார்ச்சில் வெளிநாடுகளிலிருந்து வந்தோர் மட்டக்களப்பு மாவட்டத்துப் புணானையிலே தனிமைப்படுத்தப்பட்டனர். அதே ஆண்டில் காத்தான்குடி ஆதார வைத்தியசாலை கொவிட் சிகிச்சை நிலையமாயிற்று. நாடெங்கும் ஊரடங்கு, பஸ் இல்லை, கடை இல்லை. எழுவான்கரையில் இருப்பவருக்கே பயணம் அரிதாகிய அந்நாட்களில், படுவான்கரையிலிருந்து வாவி கடந்து கடமைக்கு வரவேண்டியவளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாதுகாப்பு அங்கிக்குள் வியர்த்து நின்று, கடமை முடிந்ததும் அவள் நினைப்பது யாது? உறக்கத்தை அன்று. வீட்டிலுள்ள குழந்தைக்கும் முதிய தாய்க்கும் இந்நோயைத் தானே கொண்டு செல்கின்றேனோ என்பதையே நினைப்பாள்.

வெளியுலகம் அவளை எவ்வாறு வரவேற்கும்? 2018 மே மாதம் கேரளத்தில் நிபா நோய் பரவியபோது, பேராம்பிரா தாலுகா வைத்தியசாலையில் நோயாளியைப் பராமரித்த லினி என்ற தாதி அந்நோய்க்கே பலியானார். அவர் தியாகத்தை நாடே போற்றிற்று. அதே நாட்களில், அதே வைத்தியசாலையின் தாதியர் அருகே பஸ்ஸில் அமரவும் மக்கள் அஞ்சி ஒதுங்கினர். இறந்தவள் தெய்வம், இருப்பவள் தீண்டத்தகாதவள்! ஒரு சமூகம் ஒரே மூச்சில் இவ்விரண்டையும் செய்ய வல்லது எனின், அதன் புகழுரைக்கு விலை என்ன?

உள்ளத்தை அரிக்கும் இன்னொரு பாரமும் உண்டு: பிறர் எடுத்த முடிவைத் தன் கையால் நிறைவேற்றும் பாரம். கொவிட்டினால் இறந்தோரைப் புதைப்பதும் ஏற்புடையதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறிக்கொண்டிருந்த வேளையில், 2020 ஏப்ரலில் இலங்கை அரசு தகனத்தைக் கட்டாயமாக்கிற்று. முஸ்லிம் மக்களின் கண்ணீர் ஏறத்தாழ ஓராண்டு செவிடர் காதிலேயே விழுந்தது. 2021 மார்ச்சில்தான் நம் மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் தரப்பட்டது. 2024 இல் அரசு மன்னிப்பும் கேட்டது. ஆணையிட்டவர் கொழும்பில் இருந்தார். கதறும் உறவினரின் முகத்தைக் கண்டவர் யார்? நோயாளியின் கடைசி மூச்சுவரை அருகிலிருந்து, பின்னர் அந்தச் சடலத்தை உறைக்குள் இட்டு ஒப்படைத்தவர்களே. அந்த அநீதியில் அவர்களுக்குப் பங்கில்லை. அதன் வேதனையில் மட்டும் பங்கு தரப்பட்டது. மன்னிப்புக் கேட்டவர்கள் அவர்களை நினைத்தனரா?

2020 நவம்பரில் நாட்டின் சுகாதார அமைச்சர் நோயை விரட்ட மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றிலே வீசினார். அடுத்த ஜனவரியில் அவருக்கே நோய் தொற்றிற்று. அதை எண்ணி நாம் மகிழவில்லை. நாட்டின் தலைமை குடத்தை நம்பியிருந்த காலத்தில், வார்ட்டு தாதியை நம்பியிருந்தது என்பதையே சுட்டுகின்றோம்.

சிலர் கூறுவர்: “தொண்டுக்கு வந்தவர்கள் கூலிக்கணக்குப் பார்க்கலாமா?” இக்கேள்வி ஒப்பந்தக்காரரிடம் கேட்கப்படுவதில்லை, மருந்து இறக்குமதியாளரிடமும் கேட்கப்படுவதில்லை. உலகத் தாதியருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வீட்டிலே பெண்ணின் உழைப்பை அன்பு என்று சொல்லி இலவசமாக்கியவர்கள், வைத்தியசாலையிலே அதனைத் தொண்டு என்று சொல்லி மலிவாக்குகின்றனர். 'தாதி' என்ற சொல்லுக்குப் பழந்தமிழ் அகராதி பணிப்பெண் என்றும் பொருள் கூறும். நாம் இன்னும் அந்தப் பொருளிலேயே நிற்கின்றோம் போலும்!

வேறு சிலர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைக் காட்டுவர். அதனை நாம் வரவேற்கின்றோம். துயருற்ற எவரும் தயங்காது அழைக்க வேண்டும். மனச்சோர்வு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, அது வெட்கத்துக்குரியதன்று. ஆயினும், இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தி செய்யும்போது, தொலைபேசியின் மறுமுனையில் ஒலிக்கும் இனிய குரல் இரண்டாவது தாதியாகிவிடாது. தன்னால் இயலவில்லை என்று வாய்திறப்பவள் தகுதியற்றவள் என்று எண்ணப்படும் இடத்தில், அந்த இலக்கத்தை அழுத்துவதற்கே துணிவு வேண்டும்.

“நாட்டிடம் பணமில்லை” என்பதே இறுதி வாதம். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்தும் இல்லை; பெட்ரோலும் இல்லை. அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டுவரை வெளிநாடு செல்ல அவ்வாண்டு வழிதிறக்கப்பட்டது. சென்றவர்களை நாம் குறைகூறோம். ஆனால் சென்றவரின் பாரம் எஞ்சியவரின் தோளில் அல்லவா ஏறிற்று? 2024 இன் தொடக்கத்தில் மருத்துவரின் கொடுப்பனவு மாதம் 35,000 ரூபாவால் உயர்த்தப்பட்டபோது, தாதியர் உள்ளிட்ட ஏனைய சுகாதார ஊழியர் தமக்கும் நியாயம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். நேற்றுவரை தேவதைகளாக இருந்தவர்கள் கேள்வி கேட்ட அன்றே கலகக்காரராயினர்!

எவர் பெயரால் மே 12 கொண்டாடப்படுகின்றதோ, அந்தப் புளோரன்ஸ் நைட்டிங்கேலை நினைவு கூர்வோம். அவர் பிறந்த 200 ஆம் ஆண்டாகிய 2020 ஐத்தான் உலகச் சுகாதார நிறுவனம் தாதியர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டு ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் ஏறத்தாழ 1,15,000 சுகாதாரப் பணியாளர் கொவிட்டினால் இறந்திருக்கலாம் என அதே நிறுவனம் பின்னர் மதிப்பிட்டது. நைட்டிங்கேலின் கையில் நாம் விளக்கை மட்டும் கண்டோம். அவர் மறு கையில் புள்ளிவிவர அட்டவணை இருந்தது. கிரிமியப் போரில் காயத்தினும் நோயாலேயே படைவீரர் மிகுதியாக மாண்டனர் என்பதை எண்ணிக் காட்டி, அரசோடு அவர் வாதிட்டார். அப்போர்க்களத்திலிருந்து திரும்பியபின் நெடுங்காலம் அவரே நோயாளியாகவும் வாழ்ந்தார். விளக்கைக் கொண்டாடி அட்டவணையை மறைத்தது யார் நலத்துக்காக?

மட்டக்களப்பு மக்களுக்குக் கொள்ளைநோய் புதிதன்று. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களிலே குளிர்த்தி நடக்கின்றது. அம்மனின் வெம்மையே நோயாக வருகின்றது என்று முன்னோர் நம்பினர். அந்நம்பிக்கையை இன்று ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அதனுள் ஒரு சமூக உணர்வு உண்டு. வெம்மையைத் தணிப்பது ஊர் முழுவதன் கடமை. ஒருத்தியின் தலையில் அதனை ஊர் இறக்கிவைக்கவில்லை.

அந்த உணர்வோடு நாம் கேட்பவை மிகையானவை அல்ல. வார்ட்டின் நோயாளர் தொகைக்கேற்ற தாதியர் தொகை. நோய்க்காலத்திலும் குறைக்கப்படாத ஓய்வு நாள். இரவுக் கடமைக்கு வாகனம். குழந்தைகளுக்குப் பராமரிப்பு நிலையம். மேற்பார்வையாளரின் காதுக்கு எட்டாத மனநல ஆலோசனை. அதன்பொருட்டு எடுக்கும் விடுப்பால் பதவி உயர்வு கெடாது என்ற உறுதி. இவற்றைத் தாதியர் சங்கங்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருத்தல் போதாது. நோயுறக்கூடிய உடம்பு படைத்த அனைவரும் கேட்க வேண்டும்.

2017 இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு ஐயத்துடன் பதிவாயினர். கிழக்கிலே ஒவ்வொரு மாரியும் வெள்ளத்தோடு நுளம்பையும் கொண்டு வருகின்றது. அடுத்த மாரிக்கு முன் வடிகாலைத் துப்புரவு செய்கின்றோம். மருந்தை எண்ணி வைக்கின்றோம். வார்ட்டில் நிற்கப்போகும் மனிதரின் எண்ணிக்கையையும், அவர்கள் உறங்கும் மணிகளையும் அந்தக் கணக்கிலே சேர்த்தாக வேண்டும்.