மூன்று ஆட்சிகள், ஒரே முற்றம்

டிரெஸ்டன் போய்வந்து எழுதுகிற எங்கள் ஆட்களுக்கு எல்பே ஆறும், இடிபாட்டிலிருந்து 2005இல் மீண்டெழுந்த மாதா கோவிலும் போதும். மூன்ஷ்னர் பிளாட்ஸ் பக்கம் யாரும் போவதில்லை. பழைய சாக்சனி அரச நீதிமன்றம் அங்கேதான் நிற்கிறது. இன்று அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடம்.

கட்டியவர் ஒஸ்கார் கிராமர், ஆண்டு 1902 முதல் 1907 வரை. கட்டடக்கலை வரலாறு அத்தோடு முடிகிறது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விசாரணை மண்டபம், சிறைக்கூடம், முற்றம் மூன்றையும் ஒரே வளாகத்துக்குள் அடக்கிய வரைபடம் அது. தீர்ப்புக் கேட்டவன் தெருவைப் பார்க்காமலே கத்திக்குப் போகலாம். பிறகு வந்த ஆட்சிகளுக்கு இது எவ்வளவு வசதி!

நாசிகள் அங்கே கில்லட்டினில் கொன்றவர்கள் 1,300க்கும் மேல். பெரும்பாலோர் செக் மக்கள். 1945 ஜனவரி 11இல் கம்யூனிஸ்ட் கெயோர்க் ஷூமான் கொல்லப்பட்டார். கட்டடத்துக்கு இன்று அவர் பெயர்தான். 1948 மார்ச்சில் அதே இடத்தில் மருத்துவர் பவுல் நிட்ஷவின் தலை போனது. மனநோயாளர்களைக் கொன்று குவித்த திட்டத்தின் தலைவர்களில் ஒருவர் அவர். 1954இல் மாக்டபேர்க் தோட்டக்காரர் ஏர்ன்ஸ்ட் யென்றிஷ். முந்தைய ஆண்டின் யூன் எழுச்சிக்காக, தேறாத சாட்சியத்தின் மேல். 1991இல் அவர் குற்றமற்றவர் ஆக்கப்பட்டார்.

கிழக்கு யேர்மனி 1986இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தபோது நாசி எதிர்ப்புப் போராளிகளை மட்டுமே நினைத்தது. தான் கொன்றவர்களைப் பற்றி மூச்சு விடவில்லை. 2012இல் திறந்த புதிய காட்சியின் தலைப்பிலேயே இரண்டு காலங்களும் பக்கத்துப் பக்கமாக நிற்கின்றன: 1933–1945, 1945–1957. எதிரெதிர்த் தரப்பினரின் பெயர்கள் ஒரே கூரையின் கீழ். நிட்ஷவுக்கு அங்கே யாரும் பூ வைக்கவில்லை. ஆனால் அவர் பெயரை மறைக்கவுமில்லை.

இதை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும்? அதே 1986இல் எங்கள் ஊர்த் தெருக்களில் டெலோ இளைஞர்களைக் கொன்றவர்கள் புலிகள். 1989 செப்டம்பரில் ராஜினி திராணகம சுடப்பட்டார். 1983இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழரை ஆண்டுதோறும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால், அது போர்க்காலம், எதிரிக்குத் தீனி போடாதே என்கிறார்கள். கிழக்கு யேர்மனியின் அதிகாரிகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காவது ஓர் அரசு இருந்தது, காப்பாற்ற வேண்டிய பதவி இருந்தது. ஐரோப்பிய நகரமொன்றில் மண்டபம் வாடகைக்கு எடுத்து விளக்கேற்றுகிற எங்களுக்கு என்ன பயம்?

வருகிற ஆண்டு அந்த மண்டபங்களில் டெலோ இளைஞர்களின் படங்களையும் வையுங்கள். ராஜினியின் படத்தையும்.