கோப்பு நடக்கட்டும்!

ஹெவ்லொக் டவுனில் வாடகை அறையொன்றில் வாழும் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். போரிலே கணவன் காணாமற் போனான், மகனோ நடக்கவியலாதவன். நீதி வேண்டின் அவள் எத்தனை படிகள் ஏறவேண்டும்!

கணவனைத் தேடுதற்குக் காணாமற்போனோர் அலுவலகம். காணாமற்போனமைக்கான சான்றிதழுக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களம். நட்டஈட்டுக்கு இழப்பீட்டு அலுவலகம். மகனின் உதவிப்பணத்துக்குத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம்.

சட்டம் இல்லையா? உண்டு! வலுவிழந்தோர் உரிமைக்கு 1996இல் ஒன்று. காணாமற்போனோருக்கு 2016இல் ஒன்று. இழப்பீட்டுக்கு 2018இல் ஒன்று. சட்டங்கள் மூன்று, துயரமோ ஒன்றே. அதனை முழுமையாகக் காணும் கண் எந்த அலுவலகத்துக்கு உண்டு?

குளம் நிறைந்திருந்தும் வாய்க்கால்கள் இணையாவிடின் பயிர் கருகும் என்பதை வன்னி உழவன் அறிவான், ஆளுவோர் அறியாரோ?

திணைக்களத்துக்கொரு விதி என்பர். விதிகளை வகுத்தவர்களே அவற்றை இணைக்கவும் கடமைப்பட்டவர்கள். நாம் பிச்சை கேட்கவில்லை. குடும்பத்துக்கு ஒரு கோப்பு. அதற்குப் பொறுப்பாக ஓர் அதிகாரி. 1987 முதல் அரசகரும மொழியாகவுள்ள தமிழிலே பதில். இவையே நம் கோரிக்கை.

கோப்பு மேசைக்கு மேசை நடக்கட்டும். அந்தத் தாய் நடந்தது போதும்!