பள்ளிவாசலில் எதிரொலி

கடலோர ஊர்களில் புதிதாக எழும்பும் பள்ளிவாசல்கள் பலவற்றில் சுவரெங்கும் டைல்ஸ், தரையெங்கும் பளிங்கு. ஜும்ஆவில் கத்தீபின் ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் விழுகிறது. பின் சஃபில் அமரும் முதியவர்கள் பயான் விளங்காமலேயே எழுந்து செல்கின்றனர். நிர்வாகத்தினரோ மேலும் இரண்டு ஒலிபெருக்கிகளை மாட்டுகின்றனர். இரைச்சல்தான் கூடுகிறது.

இஸ்தான்புல்லில் 1557இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானியா பள்ளிவாசலின் குவிமாடத்தில், ஒலியைச் சீராக்கவே மிமார் சினான் மண்குடங்களைப் பதித்தார். நமக்கு ஒலி உறிஞ்சும் பலகைகள் போதும். ஆனால், மலிவான நுரைப்பஞ்சை ஒட்டினால் கடற்கரை ஈரத்தில் நாளடைவில் பொடிந்து உதிரும். தீயும் எளிதில் பற்றும். ஜிப்சம் பலகை ஈரத்தில் தொய்ந்துவிடும். நீரை ஏற்காத பாலியஸ்டர் இழைப் பலகையோ, மரச்சீவலைச் சிமெண்டுடன் சேர்த்து அழுத்திய பலகையோ நிலைக்கும். அதையும் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குல இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். பின்னால் காற்றோடும், தாழ்ந்த ஒலிகளும் கூடுதலாக அடங்கும். பிறகு ரமளானுக்கு முன் வெள்ளையடிப்பவர் அதன்மேலும் பெயின்டைப் பூசிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் (பூசத்தான் செய்வார்!). துளைகள் அடைபட்டால் அதுவும் வெறும் சுவரே.

அடுத்த வசூல் பட்டியலில், சரவிளக்குக்கு முன்னால் இப்பலகைகளை எழுதுமாறு ஜமாஅத்தினர் கேட்க வேண்டும்.