கூடைப்பந்து ஆடினால் வேலை கிடைக்குமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஓர் ஊரின் அரசுப் பள்ளி. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க நாங்கள் அங்கே போவதுண்டு. மைதானத்தின் ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் துருப்பிடித்த வளையம். வலை அறுந்து பல வருடம் ஆகிறது. தரையில் சிமென்ட் கிடையாது, மழை பெய்தால் சேறுதான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் காலனிப் பெண் ஒருத்தி, வகுப்பிலேயே உயரமானவள், காற்று இறங்கிய ஒரு கால்பந்தை அந்த வளையத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கூடைப்பந்து என்று ஒரு பந்து அந்தப் பள்ளியில் இல்லை.

எங்களைப் பார்த்ததும் பந்தை இடுக்கிக்கொண்டு வந்து கேட்டாள்: "இத ஆடினா வேல கெடைக்குமாண்ணா?"

புகழைப் பற்றியோ பதக்கத்தைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. அப்பா இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அம்மா இன்னொரு கம்பெனியில் துப்புரவு வேலை. அந்த வீட்டிலிருந்து வரும் கேள்வி அப்படித்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

அனிதா ஏறிய ஏணி

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால் போய் இறங்கும் சென்னையிலேயே இருக்கிறது. அனிதா பால்துரை. 1985-இல் பிறந்தவர். சிறு வயதில் ஓட்டமும் கைப்பந்தும் பழகி, பிறகு கூடைப்பந்துக்கு வந்தவர். சென்னையின் ரைசிங் ஸ்டார் கிளப்பில் பயிற்சி பெற்றார். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடினார். 19 வயதில் இந்திய மகளிர் அணியின் கேப்டன் ஆனார். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடிய இந்திய வீராங்கனை அவர். தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கங்கள். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பினார். அர்ஜுனா விருது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 2021-இல் பத்மஸ்ரீ வந்தது.

அவர் எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்பது இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. ஒருவர் பதக்கம் வாங்கியதும் "நம்ம ஆளு" என்று பேனர் வைக்கும் வேலையைச் சாதிச் சங்கங்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது அவர் ஏறிய ஏணி எது, அதன் படிகள் எவை என்பதுதான்.

முதல் படி, பந்து கிடைக்கிற ஓர் இடம். இரண்டாவது படி, கூடவே நின்று சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர். மூன்றாவது படிதான் முக்கியம். அவர் தெற்கு ரயில்வே ஊழியர். இந்தியாவில் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொண்டவர் என்றால் பெரும்பாலும் இதுதான் பொருள். அமெரிக்காவின் என்.பி.ஏ. போல் கோடிகளில் சம்பளம் தரும் நிலையான லீக் இங்கே இல்லை. சில தனியார் லீக்குகள் வந்தன, சில சீசன்களில் போயும் விட்டன. பல தலைமுறை ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை, காவல் துறை போன்றவைதான். மாதச் சம்பளம், மருத்துவ வசதி, பேறுகால விடுப்பு, ஆடி முடித்த பிறகும் இருக்கிற மேசை நாற்காலி. இவைதான் ஒரு பெண்ணைப் பதினேழு பதினெட்டு வருடம் களத்தில் நிற்க வைக்கும்.

கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ் இன்னொரு உதாரணம். அவரும் தெற்கு ரயில்வே ஊழியர். 2011-இல் அமெரிக்க மகளிர் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வில் கலந்துகொண்டார். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார். பஞ்சாபின் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த சத்னம் சிங், 2015-இல் என்.பி.ஏ. தேர்வுப் பட்டியலில் 52-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அப்படித் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். ஆனால் நாடு முழுவதற்கும் அப்படி ஒருவர்தான். ரயில்வே வேலை வாங்கியவர்களோ நூற்றுக்கணக்கானோர். பிள்ளைகளுக்கு நாம் காட்ட வேண்டிய வழி இரண்டாவது வழி.

தரைக்கும் சாதி உண்டு

வளையம் எல்லா ஊரிலும் ஒரே உயரம்தான்: 3.05 மீட்டர், அதாவது பத்தடி. ஆனால் அதற்குக் கீழே உள்ள தரை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

பால்வங்கர் பாலுவின் கதையை மாணவர்கள் படிக்க வேண்டும். 1876-இல் தார்வாடில் பிறந்த தலித். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தில் வேலை பார்த்து, அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசி வீசியே பெரும் பந்துவீச்சாளர் ஆனார். 1911-இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். அப்படிப்பட்டவருக்குச் சொந்த அணிக்காரர்கள் தேநீரைக் கட்டடத்துக்கு வெளியே, தனி மண் குவளையில் கொடுத்தார்கள். அவருடைய பந்தைத் தொட்டார்கள், குவளையைத் தொடவில்லை. கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1923-இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்திய வீராங்கனை ஆனார் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் இந்தியா தோற்றதும், ஹரித்வார் அருகே அவர் வீட்டின் முன் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். வென்றால் தேசத்தின் மகள், தோற்றால் சாதி.

நம் பக்கத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 22 பேர் பட்டியல் சாதியினர். பெரும்பாலான ஊராட்சிகளில் விளையாட்டுத் திடல் ஊர்ப் பக்கம் இருக்கும், காலனி சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஓர் ஊரில் காலனிப் பையன்கள் திடலுக்குப் போனபோது, "பொழுது சாஞ்ச பிறகு இந்தப் பக்கம் வராதீங்கடா" என்று சொல்லி அனுப்பினார்கள். கைகலப்பு இல்லை, வழக்கு இல்லை. மறுநாளிலிருந்து பையன்கள் போகவில்லை. எந்தப் பதிவேட்டிலும் வராத தீண்டாமை இது. பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் இன்னும் அதிகம்.

காலனிப் பக்கம் இருந்த பொது நிலமும் சுருங்கிவிட்டது. தேர்வாய்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் காடும் சிப்காட்டுக்கு எடுக்கப்பட்டபோது, அந்த ஊரின் தலித் மக்கள் வருடக்கணக்கில் போராடியது இந்த மாவட்டம் அறிந்ததுதான். மாடு மேய்ந்த இடத்தில்தான் பிள்ளைகளும் ஓடி ஆடினார்கள். வேலி போட்டபோது இரண்டும் சேர்ந்தே போயிற்று.

"படிக்கிற பிள்ளையைக் கெடுக்காதீங்க"

எங்களிடம் பெற்றோர் சொல்வது இது. தள்ளிவிடக்கூடிய பேச்சு அல்ல. ஆயிரம் பேர் ஆடினால் ஒருவர் மாநில அணிக்குப் போவது அரிது. முழங்கால் ஒரு முறை பிசகினால் கனவு முடிந்தது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் "பந்தை நம்பு, புத்தகத்தை விடு" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் நமக்கு நண்பர் அல்ல. அனிதாவே பி.காம்., எம்.பி.ஏ. என்று படித்தவர்தான்.

ஆனால் விளையாட்டு, படிப்புக்கு எதிரி அல்ல. இன்றைய விதிகளில் அது படிப்புக்கும் ஒரு வழி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் ஏழாம் வகுப்பு முதலே சேர்க்கை உண்டு. தங்குமிடம், உணவு, பயிற்சி, பள்ளிப் படிப்பு எல்லாம் சேர்ந்தது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் 3 சதவீதம் இடஒதுக்கீடு. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கூடைப்பந்தும் ஒரு பிரிவு. மாநில அணிக்குப் போகாத பிள்ளைக்கும் இவற்றில் ஏதாவது ஒன்று கைக்கு எட்டலாம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை எல்லாம் தெரியும். எந்த மாதம் தேர்வு, எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று அப்பாவே விசாரித்து வைத்திருப்பார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வரும் அப்பாவுக்கு அது தெரியாது. ஏணி இருப்பதைச் சொல்ல ஆளில்லாத இடத்தில் ஏணி இருந்தும் பயனில்லை.

ஏணியின் மேல்படியும் ஆடுகிறது. பொதுத்துறையில் நிரந்தர வேலைகள் குறையக் குறைய, விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களும் குறையும். ஒப்பந்த வேலையில் இடஒதுக்கீடும் இல்லை, அணியும் இல்லை. பூஜ்யத்தில் 3 சதவீதம் பூஜ்யம்தான். ஆகவே நிரந்தர வேலைக்கான தொழிற்சங்கப் போராட்டமும், மைதானத்துக்கான நம் கோரிக்கையும் வேறு வேறு அல்ல.

என்ன கேட்க வேண்டும்?

பிச்சை கேட்க வேண்டாம், சட்டத்தில் இருப்பதைக் கேட்டால் போதும்.

ஒன்று: கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடியைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஏழாவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி என்று தெளிவாகவே இருக்கிறது. நம் காற்றையும் தண்ணீரையும் பயன்படுத்தும் நிறுவனங்களில் இந்த வரம்புக்குள் வருபவை எவை, இந்தப் பணத்தில் நம் ஊருக்கு என்ன செய்தன என்று கேட்கலாம். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் ஒரு சிமென்ட் தரையும் இரண்டு கம்பங்களும் எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் சுமை அல்ல.

இரண்டு: 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம். மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் உயிர். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் மைதானமும் உடற்கல்வி ஆசிரியரும் அந்த நிதியில் கேட்கக்கூடியவையே.

மூன்று: கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் என்று 2024-இல் தொடங்கிய திட்டம். உங்கள் ஊராட்சியின் தொகுப்பு எங்கே இருக்கிறது? பூட்டிய அறையிலா, பிள்ளைகள் கையிலா? சாவி யாரிடம்? காலனிப் பிள்ளை போய்க் கேட்டால் கிடைக்குமா?

நான்கு: எந்த நேரத்திலும் எல்லாப் பிள்ளைகளும் ஆடலாம் என்று திடலின் வாசலில் ஊராட்சியே எழுதி வைக்க வேண்டும். செலவில்லாத கோரிக்கை இது. நான்கிலும் கடினமானதும் இதுதான் என்பது நமக்குத் தெரியும்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த நான்கையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, தீர்மானப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். கல்லூரி மாணவர்கள் இதில் முன்னால் நிற்கலாம். உங்கள் தங்கைக்கு விளையாட்டு விடுதிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் இயக்க வேலைதான்.

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் சொன்ன பதில் இது: "கிடைக்கும்மா. ஆனா நீ ஆடினா மட்டும் போதாது, நாங்களும் வேலை செய்யணும்." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ முதல்ல ஒரு பந்து வாங்கித் தருவீங்களா?"

பந்து வாங்கிக் கொடுத்துவிட்டோம். தரை இன்னும் சேறாகத்தான் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு அவளுடைய அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் உங்கள் ஊரில் போங்கள்.