காலியாய்க் கிடந்த ஓர் இடம்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் நண்பர் ஒருவரின் மடிக்கணினி ஒரு காலைப்பொழுதில் திறக்க மறுத்தது. உள்ளிருந்த வட்டிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருவதாகச் சொன்ன கடைக்காரர் பத்து நாள் கழித்துக் கையை விரித்துவிட்டார். நாற்பத்தொரு சிற்றிதழ்களை நாங்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அந்த வட்டில்தான் வைத்திருந்தோம். தாள் பிரதிகளை உரியவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தோம். அவர் காலமான பின், வீட்டைக் காலி செய்தவர்கள் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆக, தாளும் போயிற்று, கோப்பும் போயிற்று.

இழப்பைக் காட்டிலும் எங்களை உறுத்தியது வேறொன்று. கடைக்காரர் அடிமூடியைக் கழற்றிக் காட்டியபோது, பழுதான வட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வட்டைப் பொருத்துவதற்கான செருகுவாய் ஒன்று காலியாக இருப்பதைக் கண்டோம். வாங்கிய நாள் தொட்டு ஐந்தாண்டுகளாக அது அப்படியேதான் இருந்திருக்கிறது. அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

மடிக்கணினியில் இப்படி இடம் விட்டுவைப்பது நெடுநாள் வழக்கம். 1989இல் உருவான பிசிஎம்சிஏ என்ற அமைப்பு வகுத்த அட்டைகள் 1990களில் பரவலாக இருந்தன. 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 மில்லிமீட்டர் அகலம். ஏறக்குறைய நம் வங்கி அட்டையின் அளவு. மோடம், வலையமைப்பு, நினைவகம் என வேண்டியதைப் பக்கவாட்டில் செருகிக்கொள்ளலாம். 2003இல் அதன் வாரிசாக எக்ஸ்பிரஸ்கார்டு வந்தது. அந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை யூஎஸ்பி எடுத்துக்கொண்டதால் அதுவும் மறைந்தது. இன்றைய காலியிடம் வெளியே தெரிவதில்லை. அடிமூடிக்குள் ஒளிந்திருக்கும் அதன் பெயர் எம்.2.

அதில் செருகக்கூடியவை பல. 2280 என்ற எண் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வட்டைக் குறிக்கும். 2242 என்பது 42 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டை வட்டு. கைப்பேசி இணைய மோடத்துக்கென விடப்பட்ட செருகுவாய் சில மாதிரிகளில் இத்தகைய குட்டை வட்டையும் ஏற்றுக்கொள்ளும், எல்லாவற்றிலும் அன்று. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் வட்டுகளிலும் சாட்டா, என்விஎம்இ என இரு இனங்கள் உண்டு. ஒன்றை ஏற்கும் செருகுவாய் மற்றதை ஏற்காமல் போகலாம். ஆகவே, தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

எதைச் செருகுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. மோடம் பொருத்தலாம் என்றார் ஒருவர். அந்த வேலையைச் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே செய்துவிடுகிறது. லினக்ஸை நிறுவிப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்ட நிலையில், பழைய கணினி வைத்திருப்போருக்கு அது பயனுள்ள யோசனைதான். ஆயினும், எழுத்தோடு புழங்குகிறவர்களுக்கு அந்த இடத்தின் முதல் உரிமை இரண்டாம் பிரதிக்கே என்பது எங்கள் துணிபு.

தனியே ஒரு வெளிவட்டு வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். எங்களிடமும் வெளிவட்டு இருந்தது. மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து, இணைத்து, படியெடுக்க வேண்டும் என்ற எண்ணம் மாதம் ஒருமுறைகூட வரவில்லை. உள்ளே இருக்கும் இரண்டாம் வட்டு நம் நினைவாற்றலை நம்பியிருப்பதில்லை. இரவுதோறும் தானே படியெடுக்கும்படி ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். மேலும், எஸ்எஸ்டி வகை வட்டுகள் தகவலை மின்னூட்டமாகச் சேமிப்பவை. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அது கசிந்துபோகக்கூடும். கணினிக்குள் இருக்கும் வட்டுக்கு அந்தக் கவலை குறைவு.

செலவும் பெரிதன்று. ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத நிலையில் சுமார் 26 மெகாபைட் ஆகும். 64 பக்க இதழுக்கு 1.7 கிகாபைட். ஒரு டெராபைட் வட்டு அத்தகைய ஏறக்குறைய 600 இதழ்களைத் தாங்கும். ஒரு சிறு பத்திரிகை மரபின் கணிசமான பகுதி விரல் நீள வட்டுக்குள் அடங்கிவிடும் என்பதே இதன் பொருள்.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. கணினி களவுபோனால் இரண்டு வட்டுகளும் சேர்ந்தே போகும். தீக்கும் வெள்ளத்துக்கும் முதல் வட்டு, இரண்டாம் வட்டு என்ற பேதம் கிடையாது. இரண்டையும் கண்ணாடிப் பிம்பம்போல் இயங்கவிட்டால், நாம் தவறி அழிப்பது அந்தக் கணமே இரண்டிலும் அழியும். மறுப்பு நியாயமானது. அதனால்தான் பிம்பமாக வைக்காமல் பழைய படிகளையும் தக்கவைக்கும் முறையில் படியெடுக்கிறோம். மூன்றாம் பிரதியை வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம் கொடுத்துவைக்கிறோம். உள்வட்டு பாதுகாப்பின் முழுமையன்று, அதன் தொடக்கம். தொடங்கவே தொடங்காத பாதுகாப்பைவிட அது மேல்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஓலை வலுவானது என்பதால் மட்டும் சங்க நூல்கள் நம் கைக்கு வரவில்லை. தலைமுறைதோறும் யாரோ உட்கார்ந்து படியெடுத்ததால் வந்தன. 1887இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடிந்தது. ஒரே ஏடுதான் எஞ்சியிருந்தால் ஒப்பிட என்ன இருந்திருக்கும்?

இன்று மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், சிலவற்றில் வட்டையும்கூட. வீட்டின் முன் திண்ணை கட்டியவர், அதில் யார் வந்து அமர்வார் என்று அறிந்து கட்டவில்லை, ஆனாலும் கட்டினார். அத்தகைய இடம் விடாத கணினியை வாங்குமுன் ஒரு கணம் யோசிக்கலாம். கால் அங்குலம் தடிமன் கூடினால் குடிமுழுகிவிடாது.

நண்பரின் கணினியில் இப்போது இரண்டு வட்டுகள் இருக்கின்றன. இழந்த நாற்பத்தொன்றில் ஏழு இதழ்கள், கரையான் தொட்ட நிலையில், இன்னொருவர் வீட்டுப் பரணில் கிடைத்தன. மீதி முப்பத்துநான்கைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.