'போதும்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்!

"டாக்டர், ரெண்டு நாளைக்குத் தூக்கம் வராம இருக்கிறதுக்குச் சூரணம், லேகியம் ஏதாவது இருக்குதுங்களா?"

முப்பது வருடமாகச் சித்த வைத்தியம் பார்க்கிறேன். தூக்கம் வர மருந்து கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். வராமல் இருக்க மருந்து கேட்டு வந்தவன் அந்தத் தம்பி ஒருவன்தான்!

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. வயது இருபத்து மூன்று. சிலம்பம் நன்றாகச் சுற்றுவான். தொடர்ந்து 30 மணி நேரம் சுற்றி உலக சாதனை செய்யப் போகிறானாம். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாகி விட்டது என்றார் கூட வந்த அப்பா. யார் பொன்னாடை போர்த்துவது என்பது வரை முடிவாகியிருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"தூங்காமலிருக்க மருந்து தர மாட்டேன். ஆனால், பக்கத்தில் வந்து உட்காருகிறேன். நான் 'போதும்' என்றால் கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். சம்மதமா?" என்றேன்.

அப்பாவும் பிள்ளையும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது சுலபம்தானே!

ஒற்றைக்காலில் நின்றவர்கள்

பிடிவாதம் பிடிப்பவனை 'ஒற்றைக்காலில் நிற்கிறான்' என்கிறோம். எங்கள் ஊரிலிருந்து கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும் வழியில், மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒற்றைக்காலில் நிற்கிறார் ஒரு தவசி. கீழே ஒரு பூனையும் அவரைப் போலவே நிற்கிறது!

இந்த ஒற்றைக்கால் நிலையில் நம்மவர்கள் உலக சாதனையே செய்திருக்கிறார்கள். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த 'ஆழிக்குமரன்' ஆனந்தன் 1978-ல் 33 மணி நேரம் நின்றார். 1982 ஏப்ரலில் நம் சத்தியமங்கலத்தில் என். ரவி என்பவர் 34 மணி நேரம் நின்று அதை முறியடித்தார். 1997 மே மாதம் இலங்கைத் தமிழரான சுரேஷ் ஜோக்கிம் கொழும்பில் 76 மணி 40 நிமிடம் நின்றார். தூக்கிய காலை நின்ற கால் மேல் வைக்கக் கூடாது, எதையும் பிடிக்கக் கூடாது என்பது விதி.

இதையெல்லாம் கேலி செய்ய எனக்கு மனம் வராது. மன உறுதி பெரிய விஷயம். ஆனால், வைத்தியன் கண்ணுக்குத் தெரிவது வேறு. கெண்டைக்கால் தசையை 'இரண்டாவது இதயம்' என்பார்கள். நாம் நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தம் காலிலேயே தேங்கும். கால் வீங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தால் மயக்கம் வரும். தொழிற்பேட்டையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் கால் வீக்கம், நரம்புச் சுருட்டல் என்று வாரம் தவறாமல் என்னிடம் வருகிறார்கள். எட்டு மணி நேரத்துக்கே இந்தப் பாடு என்றால், 76 மணி நேரம் எப்படியிருக்கும்?

அடக்கக் கூடாத பதினான்கு

கல்லூரியில் படிக்கும்போது எங்களுக்கு மனப்பாடமான பாடம், பதினான்கு வேகங்கள். தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், மூச்சு என்று போகும் அந்தப் பட்டியல். இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கினால் நோய் வரும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. நீண்ட நேரச் சாதனை என்று இறங்குகிறவர் பசி, தாகம், சிறுநீர், இளைப்பு, தூக்கம் என்று ஐந்தை ஒரே நேரத்தில் அடக்கிப் பார்க்கிறார்.

1964-ல் அமெரிக்காவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவன் 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள் தூங்காமல் இருந்தான். பள்ளிப் பரிசோதனைக்காகச் செய்தது. கூடப் படித்த இரண்டு பையன்கள் மாறி மாறி விழிக்க வைத்தார்கள். விஷயம் கேள்விப்பட்டுத் தூக்க ஆராய்ச்சியாளர் டாக்டர் வில்லியம் டிமென்ட் அங்கே போய்க் கூட இருந்து கவனித்தார். அப்போது எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால், வயதான பிறகு தூக்கமின்மையால் மிகவும் அவதிப்பட்டதாக ராண்டியே சொல்லியிருக்கிறார். இந்த வகைச் சாதனையே ஆபத்து என்று 1997-க்குப் பிறகு கின்னஸ்காரர்கள் அதைக் கண்காணிப்பதையே நிறுத்திவிட்டார்கள். உலக சாதனைப் புத்தகமே 'போதும்' என்று சொன்ன இடம் இது!

அந்த இரவு

நம் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தான். மேளம், விசில், கைதட்டல். மேடைக்குப் பின்னால் எங்கள் வேலை வேறு. ஒருவர் நேரத்தைக் குறித்தார். ஒருவர் குடிக்கக் கொடுப்பதை எழுதினார். நான் நாடி பார்ப்பேன், பேச்சுக் கொடுப்பேன், கண்ணைப் பார்ப்பேன். மணிக்கு ஐந்து நிமிட ஓய்வில் உப்புப் போட்ட கஞ்சி, மோர், வாழைப்பழம் கொடுத்தோம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிக்கவிடவில்லை. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது அப்படிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் வலிப்பு கூட வரலாம்.

விடியற்காலை வரை பிரமாதம். பொழுது விடிந்ததும் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. பேச்சில் குழறல் இல்லை. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு மேல் சிறுநீர் கழிக்கப் போனவனிடம், "என்ன நிறம் தம்பி?" என்றேன். "பால் ஊத்தாத டீ மாதிரி இருக்குது டாக்டர். சூடு ஒத்துக்கல போல" என்றான்.

சூடு இல்லை. அளவு மீறி உழைத்த தசை சிதைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வருகிறது. அது சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம். இதற்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் தயாரில்லை. பத்தொன்பதாவது மணி நேரத்தில் "போதும்" என்றேன்.

"சார், இன்னும் பதினொரு மணி நேரம்தானே! ஊரே வந்து நிக்குது" என்றார் அப்பா. பையன் கம்பை விடவில்லை. நானே போய்ப் பிடுங்கினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் சலைன் ஏற்றினோம். ரத்தப் பரிசோதனையில் என் சந்தேகம் சரி என்று தெரிந்தது. ஐந்து நாளில் தேறி வீட்டுக்கு வந்தான். அவன் அப்பா மட்டும் ஒரு வருடம் என்னிடம் பேசவில்லை. 'இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ' என்று எனக்கே சில ராத்திரி தோன்றியது உண்டு. அந்தச் சிறுநீரின் நிறத்தை நினைத்துக்கொள்வேன், தூக்கம் வந்துவிடும்.

கடல் கொண்ட சாதனையாளர்

மேலே சொன்ன ஆனந்தன் சாதாரண ஆள் இல்லை. படித்த வழக்கறிஞர். 1971-ல் பாக் நீரிணையை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக 51 மணி நேரத்தில் நீந்தியவர். அப்பேர்ப்பட்டவர் 1984 ஆகஸ்ட் 6-ம் தேதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். வயது 41. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கடல் யாருக்கும் கட்டுப்பட்டதில்லை. ஆனால், எவ்வளவு பெரிய வீரனுக்கும் உடம்பு ஓர் எல்லை வைத்திருக்கிறது என்பதை அவரை நினைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கால்வாயில் நீந்துகிறவர் கூடவே ஒரு படகு வரும். அவரைத் தொட்டால் முயற்சி செல்லாது. அதனால் சாப்பாட்டைக் கம்பிலோ கயிற்றிலோ கட்டித்தான் நீட்டுவார்கள். படகில் இருப்பவர்கள் நிமிடத்துக்கு எத்தனை முறை கை வீசுகிறார் என்று எண்ணுவார்கள், கேள்வி கேட்டுப் பதில் வாங்குவார்கள். ஏன் தெரியுமா? குளிரில் உடம்பு விறைக்கும்போது மூளையும் மந்தமாகும். தான் ஆபத்தில் இருப்பதே நீந்துகிறவருக்குத் தெரியாது. எனவே நிறுத்தும் முடிவை அவரிடம் விடக் கூடாது. தூக்கம், தாகம், சோர்வு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நான் சொல்வது இதுதான்

சாதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குற்றாலீஸ்வரன் 1994-ல் ஒரே வருடத்தில் ஆறு கடல் கால்வாய்களை நீந்தி, மிஹிர் சென் 1966-ல் ஐந்து நீந்திய சாதனையை முறியடித்தபோது அவன் சின்னப் பையன். முறையான பயிற்சியும், பக்கத்திலேயே பயிற்சியாளரும் இருந்ததால் நடந்தது அது. இப்போது பணம் கட்டினால் சர்டிபிகேட் தருகிற சாதனைப் புத்தகங்கள் ஏராளம். நாலு வயதுப் பிள்ளையைக்கூட வெயிலில் நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது சாதனைக்கு ஆசைப்பட்டால்...

1. பந்தலுக்கு முன்னால் பரிசோதனை. இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் நான்கையும் பார்த்துவிடுங்கள்.

2. நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை ஒரே ஒருவரிடம், எழுத்து மூலமாகக் கொடுங்கள். அவர் அப்பா அம்மாவாகவோ, விழா ஏற்பாட்டாளராகவோ இருக்கக் கூடாது.

3. குழறும் பேச்சு, சம்பந்தமில்லாத பதில், கருத்த சிறுநீர், நெஞ்சு வலி, நின்றுபோன வியர்வை... இதில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. தூக்கத்தை விரட்டும் மாத்திரை, லேகியம் எதுவும் வேண்டாம். யார் கொடுத்தாலும் வேண்டாம்.

5. குழந்தை "வேணாம்மா" என்றால் அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அந்தத் தம்பி இப்போது சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுக்கொடுக்கிறான். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒரு பொடியன் முகம் சிவக்கச் சிவக்கச் சுற்றிக்கொண்டிருந்தான். நம் ஆள் போய்க் கம்பைப் பிடித்து, "போதும்டா, போய் மோர் குடி" என்றான். பக்கத்தில் மோர்ப் பானையோடு உட்கார்ந்திருந்தவர், அவன் அப்பா!